வாய்க்கால் கட்டு வழியே

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போக எல்லோருக்கும் தெரிந்த வழி ஏ-9 வீதி. அலுவிகாரை, பலாபத்வல, நாலந்தா, நாவுல, லேனதொர என்று இறங்கிப் போகும் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீற்றர். தண்ணீர் போகும் வழி வேறு. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்து, சுமார் எட்டுக் கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தால் உக்குவளைக்குத் திருப்பினார்கள். அங்கே மின்சாரம் எடுத்தபின் அந்தத் தண்ணீர் சுது கங்கையில் சேர்ந்து, எங்கள் மாத்தளை நகரத்தின் ஓரமாக ஓடி, அம்பன் கங்கையோடு கூடி, போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் நிற்கிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கம். லேனதொரப் பக்கம் அது வெளியே வந்தபின் திறந்த வாய்க்கால்தான். ஒரு பங்கு தம்புலு ஓயா வழியாகக் கலாவெவக்கும், மற்றப் பங்கு கண்டலம, ஹுருலுவெவ பக்கமும் போகிறது.

சுது கங்கையில் குளித்து வளர்ந்தவன் நான். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒப்பிப்பேன். அதன் கூடவே போய்ப் பார்க்கலாம் என்று எங்கள் லயத்திலும் சரி, பின்னால் நாங்கள் குடிவந்த தெருவிலும் சரி, யாரும் நினைத்ததில்லை. அதற்குக் காரணம் சோம்பல் அல்ல. 1983 ஜூலையில் மாத்தளைக் கடைத்தெருவும் முத்துமாரியம்மன் கோவிலும் தாக்கப்பட்டதைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் எங்களை வளர்த்தார்கள். பஸ் போகும் வீதியில் போ, பஸ் நிற்கும் இடத்தில் இறங்கு, அதற்கு அப்பால் கிராமத்துக்குள் நுழையாதே என்பதுதான் அவர்கள் சொல்லித் தந்த பூகோளம். நாலந்தாவும் நாவுலவும் எனக்கு நீண்ட காலம் பஸ் யன்னலோடு முடிந்துபோயின.

சைக்கிளும் அப்படித்தான். மலைநாட்டுக்காரனுக்குச் சைக்கிள் உதவாது என்று எங்கள் ஊரில் ஒரு எண்ணம் உண்டு. தோட்டத்துப் பாதை ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். சமதரையான ஏ-9இலோ தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றியிறக்கும் லொறிகளும், ஒன்றையொன்று முந்தும் பஸ்களும் சைக்கிள்காரனை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, புல்லுக்குள் தள்ளிவிடும். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் வரும் ஹோர்ன் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓடுவதில் ஒரு இன்பமும் இல்லை.

2022 ஜூனில் நாட்டில் எரிபொருள் தீர்ந்தது. ஜூன் 27ஆந் தேதி இரவு, அத்தியாவசியச் சேவை தவிர வேறு எவருக்கும் பெற்றோல், டீசல் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பாடசாலைகள் பூட்டப்பட்டன. நான் ஆசிரியன், வீட்டில் இருந்தேன். பெற்றோல் செட்டுகளுக்கு முன்னால் ஆட்டோக்களும் வான்களும் நாட்கணக்கில் வரிசையாக நின்றன; சாரதிகள் அதற்குள்ளேயே படுத்து எழும்பினார்கள். அந்த வரிசையைத் தாண்டினால் ஏ-9 வீதி வெறிச்சென்று கிடந்தது. தார் வீதியில் நாய்கள் நடுவில் படுத்திருந்தன. கடைகளில் சைக்கிள் விலை தாறுமாறாக ஏறியது. பழைய லுமாலா ஒன்று எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டயரும் டியூப்பும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு இறக்கினேன்.

துணைக்கு ஒருவர் கிடைத்தார். கிளிநொச்சிப் பக்கம் பிறந்து, மாத்தளையில் பெண் எடுத்து, எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணன் என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். பெற்றோல் இல்லை என்று ஊரே தலையில் கை வைத்தபோது அவர் மட்டும் அசையவில்லை.

"இதென்ன புதுசே, மாஸ்டர்? தொண்ணூறுகளில பெற்றோல் எண்டொரு சாமானையே நாங்கள் காணேல்லை. கலியாணம், செத்தவீடு, ஆஸ்பத்திரி எல்லாம் சைக்கிளிலதான்."

வடக்கின் பொருளாதாரத் தடைக் காலத்தை நான் பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். அவர் அதை உடம்பால் அறிந்தவர். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். மின்சாரமும் பற்றரியும் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட காலம். சுமை ஏற்றுவது எப்படி, மணலில் எந்தப் பக்கம் சாய்வது, செயின் கழன்றால் இறங்காமல் காலால் எப்படி மாட்டுவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. இரணைமடு வாய்க்கால் கட்டில்தான் அவர் சைக்கிள் பழகியிருக்கிறார். "றோட்டால போறதை விடுங்கோ. தண்ணி வாய்க்கால் எங்க இருக்கோ அதைப் பிடிப்பம். வாய்க்கால் கட்டில ஏத்தம் இராது" என்று அவர் சொன்னபிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

அவர் சொன்னது முழு உண்மை. தண்ணீர் ஏற்றம் ஏறாது. செங்குத்தாக விழவிட்டால் கரையை அறுத்துவிடும். ஆகவே வாய்க்கால் வெட்டுகிறவன் மேட்டைச் சுற்றி, பள்ளத்தை விலக்கி, கண்ணுக்குத் தெரியாத சரிவில் அதை வளைத்து வளைத்துக் கொண்டுபோகிறான். அந்தக் கட்டின்மேல் திணைக்களத்து ஜீப் போவதற்கு ஒரு கிரவல் பாதை விடுகிறான். சைக்கிள்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரான்சில் 1681இல் திறந்த மிடி கால்வாய் 240 கிலோமீற்றர் நீளம். படகை இழுக்கும் குதிரைகள் நடப்பதற்காக அதன் கரையில் போட்ட பாதையில் இன்று உலகமெல்லாம் இருந்து வருகிறவர்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நம்முடைய கட்டுகளில் குதிரை நடக்கவில்லை. மண்ணையும் தண்ணீரையும் தாங்குவதற்காகப் போட்ட கட்டு இது. ஆனால் சமதரை ஒன்றுதான்; நிழலும் தண்ணீரும் ஒன்றுதான்.

விடிய முன் புறப்பட்டோம். நாலந்தா வரை தார் வீதியில்தான் ஓடினோம். வழியில் நாலந்தா கெடிகேயைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. மாமல்லபுரத்துக் கோயில்களைப் பார்த்த தமிழனுக்கு அந்தக் கற்கட்டடம் அந்நியமாகத் தெரியாது. பல்லவர் சாயலில் எழும்பிய பௌத்த ஆலயம் அது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்கிவிடும் என்ற நிலை வந்தபோது, கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். இன்று அதன் முன்னால் தண்ணீர் விரிந்து கிடக்கிறது. வாசலில் காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. சுற்றுலாப் பயணி இல்லாத அந்த வருஷத்தில் அவர் எங்களைக் கண்டதும் எழும்பி வந்து சைக்கிளைத் தடவிப் பார்த்தார்.

லேனதொரப் பக்கம் வீதியை விட்டு இறங்கியதும் எல்லாம் மாறியது. சுரங்கத்திலிருந்து வந்த தண்ணீர் பழுப்புப் பச்சையாக, சத்தமே இல்லாமல், ஆனால் பார்த்த கண் தடுமாறும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டிருந்த காலம். கட்டின்மேல் செம்மண் கிரவல். ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் கீழே வயலும் வெங்காயப் பாத்தியும். மருதமரங்கள் வேரைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நின்றன. கச்சான் காற்று முதுகில் தள்ளியது. மிதிக்கவே தேவையில்லாமல் சில இடங்களில் ஓடினோம். பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். ஏ-9இல் ஒரு நாளும் செய்யமுடியாத காரியம் அது.

எங்கள் வேகமும் தண்ணீரின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. மேலே யாரோ விட்ட தென்னோலை ஒன்று எங்களோடு வெகுதூரம் வந்தது. நாங்கள் நின்றால் அது முந்தும். மிதித்தால் நாங்கள் முந்துவோம். இடையிடையே குளிப்பதற்கான படிகள். படியில் புடவை அடித்துத் துவைக்கிற பெண்கள், சவர்க்காரம் போட்ட தலையோடு நிமிர்ந்து பார்க்கிற பிள்ளைகள். ஒவ்வொரு படியிலும் அதே கேள்விதான் சிங்களத்தில் வந்தது. எங்கேயிருந்து வருகிறீர்கள்? மாத்தளையிலிருந்து என்றால் சிரிப்பு. இவ்வளவு தூரம் சைக்கிளிலா? எனக்குச் சிங்களம் சரளம், அண்ணனுக்குக் கொஞ்சம். ஆனால் அதிகம் பேசியது அவர்தான். சைக்கிளைக் காட்டியும், வானத்தைக் காட்டியும், கையை விரித்தும் அவர் பேசியது எல்லோருக்கும் விளங்கியது.

ஒரு வளைவில் என் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. தொட்டாற்சுருங்கி முள். அண்ணன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு கரண்டிக் காம்புகளால் டயரை நெம்பி, டியூப்பை உருவி, கைப்பம்பால் கொஞ்சம் காற்று அடித்து, வாய்க்கால் தண்ணீரில் முக்கினார். சுற்றிச் சுற்றிக் கொண்டுபோகையில் ஓரிடத்தில் ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாக எழும்பின. அந்த இடத்தை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டே துணியால் துடைத்து, படிக்கல்லில் உரசி, சொலூசன் பூசி, ஊதி ஊதிக் காயவிட்டார். அவசரப்படவில்லை. "காய முன்னம் ஒட்டினால் அடுத்த கட்டையிலயே கழரும்" என்றார். பழைய டியூப்பில் வெட்டிய வட்டத்தை ஒட்டி, கல்லால் தட்டினார். பிறகு டயரின் உட்பக்கத்தை விரல்நுனியால் முழுச் சுற்றும் தடவினார். முள் இன்னும் அங்கேதான் இருந்தது. அதைப் பல்லால் கடித்து இழுத்து எடுத்துத் தண்ணீரில் துப்பினார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மேட்டில் ஒருவர் குந்தியிருந்தார். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிறவர். கையில் துருசுக் கதவைத் திருகும் இரும்புச் சாவி. "மல்லி, வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்ற பொருளில் சிங்களத்தில் கூப்பிட்டார். சீனி விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்த காலம். கித்துள் கருப்பட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், யார் முறை, யார் இரவில் வந்து களவாகப் பலகையைத் தூக்குகிறான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முந்திய வருஷம் இரசாயன உரத்தை அரசாங்கம் தடைசெய்ததில் அந்தப் பக்கத்து வயல்கள் பட்ட பாட்டையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. புறப்படும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார். கண்டலமவுக்குப் போங்கள், ஆனால் மாலை நான்கு மணிக்குப் பிறகு கட்டில் நிற்காதீர்கள், யானை தண்ணீருக்கு இறங்கும்.

என் அப்பாயி சொன்ன கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் எங்கள் சனங்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்தது இந்த வழியாகத்தான். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, வடபகுதிக் காட்டுப்பாதையால் தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடை. கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். குளங்கள் பாழடைந்து காடு மண்டியிருந்த காலம் அது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல்தான் பாதிப்பேர் செத்தார்கள் என்று அப்பாயி தன் பாட்டியிடம் கேட்டதைச் சொல்வார். அவர்கள் வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள். நான் அதே நிலத்தில் தெற்கிலிருந்து வடக்கே, இடதுபக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீரோடு, சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். தொண்டை அடைத்தது. அண்ணன் ஒன்றும் கேட்காமல் சற்று முன்னால் போனார்.

கண்டலம குளக்கட்டில் ஏறியபோது பின்னேரம் ஆகவில்லை. குளத்தின் எதிர்க்கரைக் குன்றோடு குன்றாக, கொடிகள் மூடிக் கிடந்தது ஜெப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டல். அதைக் கட்டத் தொடங்கியபோது, குளம் கெடும், கிராமம் கெடும் என்று 1992இல் பெரிய எதிர்ப்பு எழுந்ததும், 1994இல் அது திறக்கப்பட்டதும் வரலாறு. குளத்தைக் காக்கச் சனங்கள் எழுந்தார்கள் என்பதே எனக்கு அதில் பெரிய விஷயம். கட்டின் ஓரம் நீர்க்காகங்கள் இறகு விரித்துக் காய்ந்தன. தொலைவில் சீகிரியா கல். தண்ணீரைத் தொட்டு முகம் கழுவினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற சுது கங்கைத் தண்ணீரும் இதில் கலந்திருக்கிறது என்ற நினைப்பு அந்தக் குளிர்ச்சியைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தப் பயணத்தோடு எங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஓகஸ்டில் கியூஆர் அட்டை முறை வந்து, வாகனங்கள் மெல்ல மெல்ல வீதிக்குத் திரும்பியபிறகும் நாங்கள் வாய்க்கால் வழியை விடவில்லை. தண்ணீர் போகும் மற்றத் திசையையும் பிடித்தோம். கலாவெவ எங்கள் மாவட்டத்துக்கு வெளியே, அனுராதபுரத்தில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய குளம். 1887இல் ஆங்கிலேயர் மறுபடி திருத்தினார்கள். அங்கிருந்து அனுராதபுரம் திஸ்ஸவெவ வரை போகிறது ஜய கங்கை என்ற யோத எல. நீளம் 87 கிலோமீற்றர். முதல் பதினேழு மைலுக்கு அதன் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம் என்று எல்லா நூல்களும் வியக்கின்றன. கிலோமீற்றருக்குப் பத்து சென்ரிமீற்றர்கூட இல்லை! இன்றைய தண்ணீர்மட்டக் கருவிகள் இல்லாத காலத்தில் இதைச் செய்தவர்களின் பெயர்கூட இல்லை. அரசன் பெயர்தான் இருக்கிறது.

அந்தக் கட்டில் சைக்கிள் ஓட்டினால்தான் அந்த ஆறு அங்குலம் உடம்புக்குத் தெரியும். மேட்டுப் பக்கம் கரை கிடையாது. தாழ்ந்த பக்கம் மட்டும் ஒற்றைக் கட்டு. மழைத் தண்ணீர் மேட்டிலிருந்து தானாக வாய்க்காலுக்குள் இறங்கும். பள்ளமான இடங்களில் தண்ணீர் விரிந்து சின்னச் சின்னக் குளமாய்த் தேங்கி, அல்லி பூத்துக் கிடக்கும். நேர்கோடு என்பதே இல்லை. கட்டு வளைகிற ஒவ்வொரு இடத்திலும், இங்கே ஒரு மேடு இருந்தது, அதை மதித்து ஒதுங்கினார்கள் என்று தெரியும். லேனதொர வாய்க்கால் நம் காலத்து எந்திரங்கள் வெட்டியது. நல்ல வேலைதான். ஆனால் நாள் முழுக்க ஓட்டிக் களைத்தபிறகு எது வேண்டும் என்று கேட்டால் நான் ஜய கங்கையைத்தான் சொல்வேன். திரும்பி வரும்போது கச்சான் காற்று நெஞ்சில் அடிக்கும். அங்கே மருதமரங்களும் வளைவுகளும் காற்றை மறித்துத் தரும்.

இப்போது அந்தக் கட்டுகளில் மாற்றங்கள் தெரிகின்றன. சில இடங்களில் கிரவலின்மேல் கொங்கிறீற்று ஊற்றியிருக்கிறார்கள். கட்டுப் பாதை நன்றானதும் குறுக்குவழி தேடும் வான்கள் வருகின்றன. சுற்றுலா ஜீப்கள் வருகின்றன. குளிக்கிற பெண்கள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழும்பி நிற்கவேண்டியிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வாய்க்கால் கட்டால் சைக்கிளில் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதே கட்டில் ஜீப் ஒன்று தூசி கிளப்பிக்கொண்டு வந்தால் அவர்கள் ஒதுங்க இடம் தண்ணீர்ப் பக்கம்தான். வாய்க்கால் கட்டைத் திருத்துவது என்றால் தார் போடுவது என்று நினைக்கிற பழக்கம் நம் நாட்டில் வேரோடிவிட்டது. இது தவறு. கட்டுக்குத் தேவை மண், புல், மரம், உடைந்த இடத்தில் உடனே திருத்தம். அது வாகனப் பாதையாக வேண்டியதில்லை.

மகாவலி அதிகார சபையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் செய்யவேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. கட்டு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும், சைக்கிளும் நடையாளும் நுழையும் அகலம் விட்டு, பூட்டுப் போட்ட ஒரு தடைக் குழாய். சாவி திணைக்களத்து ஜீப்பிடமும், அந்தந்தக் கிராமத்துக் கமக்காரர் அமைப்பிடமும். விவசாயியின் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் தடையின்றிப் போகவேண்டும். உரமூட்டையும் நெல்மூட்டையும் தலையிலா சுமப்பார்கள்? மற்ற வாகனங்களுக்கு ஏ-9 இருக்கிறது. வெட்டிய மருதமரத்துக்குப் பதில் மருதங்கன்று வைக்கவேண்டும். சைக்கிள் பாதை என்று புதிதாக ஒன்றும் அமைக்கவேண்டாம், பெயர்ப்பலகை கூட வேண்டாம். இருப்பதைக் கெடுக்காமல் விட்டாலே போதும்.

வாசிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். முக்கியமாக, என்னைப் போலக் கிராமத்துக்குள் போகாதே என்று கேட்டு வளர்ந்த மலையகத்துப் பிள்ளைகளுக்கு. பழைய சைக்கிள் போதும். கைப்பம்பு, சொலூசன், டயர் நெம்ப இரண்டு கரண்டி, இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும் ஜூன், ஜூலையில் போங்கள். படிகளில் குளிக்கிறவர்களைக் கண்டால் மணியடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போங்கள். தண்ணீர் திறக்கிறவரிடம் வழி கேளுங்கள். அவருக்குத் தெரியாத கட்டு கிடையாது. வாய்க்காலில் இறங்கி நீந்தாதீர்கள், இழுப்பு மேலே தெரியாது. மாலை நான்கு மணிக்குள் யானை இறங்கும் இடங்களை விட்டு வீதிக்கு ஏறிவிடுங்கள்.